இட்லிப் பானையில் வெந்த செல்கள்

ரேடியோ செல்லை இட்லிப் பானையில் வேகவைத்த மேதை நான்தான். எங்கள் முகப்பேர் மொட்டைமாடியில் சோலார் பலகை மாட்டுவதைப் பார்த்ததும் அந்த நாற்றம் மூக்கில் ஏறியது.

அம்பத்தூர் வீட்டில் தீர்ந்த செல்களை அம்மா வெயிலில் காயவைப்பாள். மறுபடி போட்டால் ரேடியோ கொஞ்ச நேரம் முனகும். அன்று நேயர் விருப்பத்தில் அக்காவின் பெயரை வாசிக்கவிருந்தார்கள். வானமோ மூட்டம். எந்தச் சூடானால் என்ன என்று செல்களை இட்லித் தட்டில் அடுக்கி ஆவியில் வைத்தேன். கறுப்பாகக் கஞ்சி வழிந்தது.

"இன்னாடா பண்ணிகினு கீறே?" என்று அம்மா கத்தினாள். அக்கா ஊமை ரேடியோவில் காதை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

இன்று அவளுக்குப் போன் செய்தேன். "அக்கா, சோலார் மாட்ட வந்தவரு சொன்னாரு, செல்லுக்குள்ள கீற மருந்துதான் கரண்டா மாறுதாம். வெயில் அத்த எழுப்புமாம், ஆவி சாகடிச்சிடுமாம். இப்பத்தான் புரிஞ்சுது!"

"எம்பேர நான் இன்னும் கேக்கலடா."