நைனாவின் கைகளைக் கட்டிய மத்தியானம்

நைனா சாரத்திலிருந்து விழுந்தபோது நான் செஞ்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடையில் வேலையாக இருந்தேன். அவர் பெயிண்டர். கல்யாண மண்டபம் ஒன்றுக்கு வெளிச்சுவர் அடித்துக்கொண்டிருந்தார். கூட வேலை செய்தவர்தான் எனக்குப் போன் செய்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. பக்கத்திலிருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

நைனாவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. விடுதியில் தங்கிக் காது கேளாதோர் பள்ளியில் எட்டாவது வரை படித்தவர். சைகை மொழி அங்கே வந்தது. தமிழ் எழுதுவார், படிப்பார். அம்மா போன பிறகு வீட்டில் அப்பாவும் மகளுமாக நாங்கள் இரண்டு பேர்தான். என்னைக் கூப்பிட அவர் தன் மூக்கு நுனியை இரண்டு முறை தட்டுவார். சின்ன வயதில் எனக்கு எந்நேரமும் சளி ஒழுகிக்கொண்டிருக்குமாம்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேஸ் ஷீட்டை நிரப்பிக்கொண்டே கேட்டார்.

"ஊமையா?"

"காது கேக்காது. சைகைல பேசுவாரு. எழுதிக் காட்டினா படிப்பாரு."

"அதாம்மா, ஊமைதான?"

அப்படியே எழுதியும் விட்டார். நைனா அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சொல் உதட்டில் எப்படி இருக்கும் என்று அவருக்கு அறுபது வருடமாகத் தெரியும்.

மறுநாள் காலையில் மாவுக்கட்டு போட்டார்கள். பிறகு ஆண்கள் வார்டுக்கு மாற்றினார்கள். நோட்டும் பேனாவும் வாங்கி அவர் தலைமாட்டில் வைத்தேன். அதற்குள் நர்ஸ் வந்துவிட்டார்.

"பொம்பளைங்க அஞ்சு மணிக்கு மேலதான் வரலாம். கெளம்பு."

"அவரு சொல்றது உங்களுக்குப் புரியாது சிஸ்டர். நான் ஓரமா நிக்கறனே."

"புரியறதுக்கு இன்னா இருக்குது? வலிச்சா கையக் காட்டப்போறாரு. நாங்க பாத்துக்கறோம், போம்மா."

போனேன். சண்டை போட்டிருக்க வேண்டும். வாசலில் உட்கார்ந்து வழி மறித்திருக்க வேண்டும். ஒன்றும் செய்யாமல் கீழே இறங்கிப் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிர்க்கடையில் வடை வாங்கித் தின்றேன். மூன்று மணி வாக்கில் மாடியில் யாரோ இரும்பைத் தட்டும் சத்தம் கேட்டது. விட்டு விட்டு வெகுநேரம் கேட்டது. ஏதோ ரிப்பேர் வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு நின்றுவிட்டது.

ஐந்து மணிக்கு மேலே போனேன். நைனாவின் இரண்டு மணிக்கட்டையும் பேண்டேஜ் துணியால் கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கண் பாதி செருகியிருந்தது. நோட்டும் பேனாவும் எட்டாத தூரத்தில் ஜன்னல் மேல் கிடந்தன. மாவுக்கட்டுக்கு வெளியே தெரிந்த கால் விரல்கள் வீங்கி, நாவல்பழ நிறத்துக்கு வந்திருந்தன.

முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தேன். கை விடுபட்டதும் நைனா முதலில் சொன்னது, "என் கால் இல்லை." அடுத்து ஒரு கையால் மறு கையின் மணிக்கட்டை நெரித்துக் காட்டினார். கட்டு இறுக்குகிறது. அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"யாரு இவர் கைய கட்டுனது?" என்று கத்தினேன். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"டென்ஷன் ஆவாதம்மா," என்றார் நர்ஸ். "ஒரே கத்தல். கட்டிலப் போட்டு அடிக்கறாரு. மாவுக்கட்டப் பிச்சிப்போடப் பாக்கறாரு. ஊசி போட்டும் அடங்கல. இன்னா பண்ணச் சொல்ற?"

அவர்கள் கட்டியது கையை என்று அந்த அம்மாவுக்குத் தோன்றியிருக்கலாம். கட்டியது வாயை. பேசத் தெரிந்த ஒருவன், கால் செத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லும்போது அவன் வாயில் துணியைத் திணித்து, அதற்குமேல் மயக்க ஊசியும் போட்டார்கள்.

பக்கத்துக் கட்டிலில் குடலிறக்க ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு விவசாயி படுத்திருந்தார். அவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

"நான் அப்பவே சொன்னம்மா. வெரலக் காட்டறாரு, கட்டு இறுக்குதுன்றாரு, போய்ப் பாருங்கன்னு. உன் வேலையப் பாத்துனு படுய்யான்னுட்டாங்க."

அவருக்குச் சைகை மொழி தெரியாது. காது கேளாதவர் ஒருவரோடு அதற்கு முன் பேசியதுகூட இல்லையாம். நைனா பக்கம் திரும்பிப் படுத்து அவரைப் பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். நர்ஸ் படிப்பு படித்தவர்கள் அந்த மத்தியானம் முழுக்க அதைச் செய்யவில்லை.

நான் போட்ட கூச்சலில் டாக்டர் வந்தார். விரல்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. மாவுக்கட்டை நீளவாக்கில் பிளந்துவிட்டு, "விழுப்புரம் எடுத்துட்டுப் போங்க, லேட் பண்ணாதீங்க" என்றார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை.

ஆம்புலன்ஸ் மண்டகப்பட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது நைனா என் தோளைத் தட்டினார். அவர் மணிக்கட்டில் துணி பதிந்த கோடுகள் சிவந்திருந்தன.

"எங்கே இருந்தாய்?"

"கீழே. பெஞ்சில்."

"பேனாவைக் கேட்டேன், தரவில்லை. அதனால் கம்பியைத் தட்டினேன். தட்டினால் சத்தம் வரும் என்று எனக்குத் தெரியும். நீ எங்கேயிருந்தாலும் கேட்டு வருவாய் என்று தட்டினேன். உனக்குக் காது கேட்கும்தானே?"

வடை தின்றுகொண்டிருந்தேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். காது கேளாதவரிடம் முகத்தைத் திருப்புவது பேச்சை முறிப்பது. தெரிந்தேதான் செய்தேன்.

விழுப்புரத்தில் உடனே காலைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். கால் தப்பியது. ஆனால் பாதத்தின் முன்பக்கம் மேலே தூக்க வரவில்லை, தரையில் இழுபடுகிறது. இனி ஏணி ஏற முடியாது, சாரம் ஏற முடியாது.

நான்கு மாதம் கழித்து நியாயம் கேட்கச் செஞ்சி ஆஸ்பத்திரிக்கே இரண்டு பேரும் போனோம். பெரிய டாக்டர் என்னைப் பார்த்தே பேசினார்.

"அப்பா இப்ப எப்படிமா இருக்காரு?"

"எதிர்லதான் உக்காந்துனு இருக்காரு. அவரயே கேளுங்க."

நைனா பேச ஆரம்பித்தார். முன்பெல்லாம் அவர் கோபத்தை நான் பாதியாக்கித்தான் வாயால் சொல்வேன். கடைக்காரனைத் திட்டினால் 'கொஞ்சம் குறைச்சுக் கேக்கறாரு' என்பேன். அன்றைக்கு ஒன்றைக்கூட விடவில்லை. "நீ டாக்டர் இல்ல. மாட்டக் கட்டறவன்கூட மாட்டு காலப் பாப்பான்." நைனா மேஜையைத் தட்டிய இடத்தில் நானும் தட்டினேன். பெரிய டாக்டர் எழுந்து வெளியே போய்விட்டார்.

அதன் பிறகுதான் மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் மனு கொடுத்தோம். நைனாவே எழுதினார். சைகையின் வரிசையில் வார்த்தைகள் முன்னும் பின்னுமாக இருந்தன. திருத்துகிறேன் என்றேன். கையைத் தட்டிவிட்டார்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மகள் மொழிபெயர்க்கக் கூடாது, பயிற்சி பெற்றவர்தான் வேண்டும் என்றார்கள். முதலில் எனக்கு அவமானமாக இருந்தது. காது கேளாதோர் பள்ளி ஆசிரியை ஒருவர் வந்தார். நைனா அவரிடம் ஒரு மணி நேரம் பேசினார். எனக்குச் சொல்லாததையெல்லாம் பேசினார். கட்டிய பிறகு படுக்கையிலேயே மூத்திரம் போனது, அழுதது, இங்கேயே செத்துப்போவேன், மகளுக்குச் சொல்ல முடியாது என்று நினைத்தது. எல்லாவற்றையும் நான் சுவரோரம் நின்று பார்த்தேன். மகளிடம் ஒரு அப்பா எப்படிச் சொல்வார் இதையெல்லாம்? இத்தனை வருடம் எத்தனை டாக்டர் முன்னால் என்னை வைத்துக்கொண்டு எதையெதை விழுங்கியிருப்பார்?

முடிவில் ஆஸ்பத்திரி எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்டது. காது கேளாதவர்களுக்குத் துணையாக யார் வேண்டுமானாலும் வார்டில் இருக்கலாம் என்று விதியை மாற்றியது. நைனா கடிதத்தைப் படித்துவிட்டுப் போதும் என்றார். இப்போது பெயிண்ட் கடையில் உட்கார்ந்து கலர் கலக்கிக் கொடுக்கிறார்.

போதாது என்றேன் நான். இன்னும் அப்படித்தான் சொல்கிறேன். ஒருவர் கால் விரலைச் சுட்டிக்காட்டினால் அந்த விரலைப் பார்க்க எந்த விதியும் வேண்டியதில்லை. அவர் ஆறிவிட்டார். நான் ஆறவில்லை. ஆறும் உத்தேசமும் இல்லை.