ஆர்டர் வருவதற்கு முன்

என் கணவர் பேரிடர்த் தொண்டர் படையில் இருந்தார். அவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. மேலிடத்து ஆர்டர் வந்த பிறகு அடிபட்டால்தான் அரசாங்கம் நட்டஈடு தரும். அதற்கு முன்னால் இறங்கினால், அது அவரவர் சொந்த ஆசை.

ரெங்கத்தில் எங்கள் வரிசை வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்த அன்று, பக்கத்து வீட்டு அக்கா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினார். இவர் போய் அவரை முதுகில் சுமந்து வரும்போது மதில் சரிந்து காலில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அதிகாரி விசாரிக்க வந்தார். இவர் எப்போது வந்தார் என்று அக்காவிடம் கேட்டார். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"மத்தவங்கள்லாம் ஆர்டர் வரலன்னு ரோட்டுலயே நின்னாங்க சார். தம்பி மட்டும்தான் குதிச்சு வந்தாரு. தங்கமான மனுசன் லா!"

அதோடு நட்டஈடு போயிற்று. பிறகு அதே அதிகாரி இவரை மேடைக்கு அழைத்து வீரர் என்று மாலை போட்டார். இவர் ஊன்றுகோலோடு படியேறி முடிப்பதற்குள் கைதட்டல் ஓய்ந்துவிட்டது.

போன மழையில் மறுபடியும் தண்ணீர் ஏறியது. அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினார்.

"தண்ணி உள்ளுக்கு வருது, யாராச்சும் வாங்களேன்!"

"ஆர்டர் வரட்டும்க்கா" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

அக்காவின் சத்தம் கேட்டு, இவர் படுக்கையில் இருந்தபடியே ஊன்றுகோலைத் துழாவினார். அதை நான் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.