பெரியவரின் சர்டிபிகேட் வயது

சுவிட்சைப் போட்டுவிட்டு ராஜாமணி டீச்சர் இரண்டடி பின்னால் நகர்ந்து, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். கறுப்புத் திரையின் மூலையில் பச்சை எண்கள் ஏறத் தொடங்குகின்றன. கம்ப்யூட்டர் தன் ஞாபகசக்தி முழுவதையும் ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்கிறது. அது முடியும்வரை அறையில் யாரும் பேசக்கூடாது. டைப்ரைட்டர்களும் நின்றுவிட வேண்டும்.

"பெரியவரு எண்ணுறாரு. நடுவுல பேசினா மொதல்லேர்ந்து ஆரம்பிப்பாரு."

அப்படி ஒருநாளும் நடந்ததில்லை. நடக்காததற்குக் காரணம் யாரும் பேசாததுதான் என்பது அவர் கட்சி.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு லாட்ஜின் மாடியில் இருக்கிறது ராஜாமணியின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். தட்டச்சு யந்திரங்கள் சுவரோரமாக வரிசையில் நிற்க, நடுவில் தனி மேஜையில் கம்ப்யூட்டர். ஒரகடம் பக்கம் மூடிப்போன ஒரு பேட்டரி கம்பெனியின் ஏலத்தில் எடுத்தது. தயாரித்தவர்களும் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். ஆகவே அதற்குப் பெற்றோரும் இல்லை, புகுந்த வீடும் இல்லை, ராஜாமணி மட்டுமே. அறையில் இருக்கும் ஒரே மேஜை விசிறி அதன் முகத்துக்கு நேரே சுழல்கிறது. மாணவிகள் தேர்வு அட்டையால் விசிறிக்கொள்கிறார்கள். பக்கத்துத் தெரு ரைஸ் மில் ஓட ஆரம்பித்தால் மின்சாரம் இறங்கி, திரையில் உள்ள எழுத்தெல்லாம் நடுவே சுருங்கும். "பெரியவரு மூச்சப் புடிக்கிறாரு, யாரும் தொடாதீங்க" என்பார் டீச்சர்.

அவருக்கு நாற்பதைத் தாண்டிச் சில ஆண்டுகள் இருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கயிறு போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். இருபது வருஷம் தட்டச்சு சொல்லிக்கொடுத்ததில் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. எதிரில் இருப்பவர் பேசப்பேச, அவருடைய விரல்கள் மடிமேல் அதை அடித்துக்கொண்டே இருக்கும். பேச்சு பிடிக்கவில்லை என்றால் விரல்கள் நின்றுவிடும். கட்டைவிரல் மட்டும் வெற்று இடத்தைத் தட்டும். அவரிடம் கடன் கேட்கப் போகிறவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, கட்டைவிரலைத்தான் பார்ப்பார்கள்.

போர்டில் தட்டச்சு என்று பெரிதாக எழுதியிருந்தாலும், இன்ஸ்டிடியூட்டைத் தாங்கி நிற்பது கம்ப்யூட்டர் ஜாதகம். பிறந்த தேதி, நேரம், ஊர் சொன்னால், பெரியவர் சிறிது நேரம் யோசித்துக் கட்டம் போட்டுத் தருவார். பிரிண்டர் கீச்சிடும் சத்தம் கீழே புரோட்டா கடைவரை கேட்கும். தண்டலத்திலிருந்தும் படப்பையிலிருந்தும் ஆட்கள் பஸ் ஏறி வருவது இதற்காகத்தான். காரணம் வேறொன்றும் இல்லை. ராஜாமணி நேரத்தை மாற்றி அடிக்கமாட்டார் என்பது அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அதை ஆவணி மாதம் தாண்டவராயன் சோதித்துப் பார்த்தார். வல்லத்துப் பக்கம் நிலமும் இரண்டு எருமையும் வைத்திருப்பவர். பெண்ணுக்கு ஆயில்ய நட்சத்திரம். ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது என்று ஊரே சொல்கிறது. மூன்று மாப்பிள்ளை வீட்டார் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போயிருந்தார்கள்.

"ஒரு இருவது நிமிசம் தள்ளி அடிச்சிக் குடும்மா. மகம் வந்துடும். யாருக்கு இன்னா நஷ்டம்?"

கட்டைவிரல் தட்டியது. "பொண்ணப் பெத்தது நீங்க. நேரத்த நான் பெத்துத் தர முடியாது."

"மெஷினுதானே சொல்லப் போவுது, நீ இல்லியே?"

"மெஷினு போட்டதத்தான் சொல்லும். போடற கை என்னுது. கெளம்புண்ணா."

தாண்டவராயன் படியிறங்கும்போது, "பெரியவராம், பெரியவரு! தர்மராஜாவப் புடிச்சி டேபிள் மேல குந்த வெச்சினுகீது இந்தம்மா" என்று சொன்னது மேலே கேட்டது. ராஜாமணிக்கு அதில் பெருமைதான்.

இந்த நிலையில்தான் பஸ் ஸ்டாண்டு முனையில் இன்னொரு கடை திறந்தார்கள். வாசலில் துணிப் பதாகை: 'கலர் கம்ப்யூட்டர்! டாஸ் 5.0! 1991 மாடல்!' டாஸ் என்பது கம்ப்யூட்டரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி வேலைக்கு அனுப்பும் அடிப்படை ஏற்பாடு. அது இல்லாவிட்டால் மெஷின் வெறும் பெட்டி. பெரியவரிடம் இருந்தது மூன்று புள்ளி மூன்று. ராஜாமணி அதைப் பற்றிக் கவலைப்படவில்லை, அவருடைய மாணவி கங்கா ஒரு ஸ்பிரிங் கம்பெனிக்கு இன்டர்வியூ போய்விட்டு வரும்வரை.

"டாஸ் தெரியுமான்னு கேட்டாரு டீச்சர். த்ரீ பாயிண்ட் த்ரீன்னேன். 'அது எங்க தாத்தா கத்துக்கினதும்மா'ன்னு சிரிச்சிட்டாரு."

அன்று மாலையே ராஜாமணி புருஷோத்தமனுக்கு ஆள் அனுப்பினார். பக்கத்து எஞ்சினியரிங் கல்லூரி ஒன்றின் கம்ப்யூட்டர் லேபில் உதவியாளர். முன்பு இவரிடம் தட்டச்சு படித்தவர். அவர் ஃபிளாப்பியில் புது டாஸைக் கொண்டுவந்தார். பெரியவர் அதைப் படிக்க மறுத்தார். லேபில் உள்ள புது மெஷின் மெல்லிய கோடாக எழுதுகிறது, பழைய மெஷினுக்குத் தடித்த கோடுதான் கண்ணுக்குத் தெரியும் என்றார் புருஷோத்தமன். "வெள்ளெழுத்துதானே, எனக்கும் கீது" என்று ராஜாமணி உடனே புரிந்துகொண்டார். கல்லூரி ஸ்டோர் ரூமில் கிடந்த ஒரு பழைய மெஷினைத் தட்டி எழுப்பி, அதில் மறுபடி எழுதிக் கொண்டுவந்த பிறகு பெரியவர் இணங்கினார். புது டாஸ் அவர் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட, திரையில் 'ஐந்து' என்று வந்தது. கங்கா கைதட்டினாள். ராஜாமணி கேசரி கிளறினார்.

கேசரி ஆறுவதற்குள் அடுத்த செய்தி வந்தது. ஜாதக புரோகிராமைக் கூப்பிட்டால், 'இன்கரெக்ட் டாஸ் வெர்ஷன்' என்று ஒரே வரியைச் சொல்லிவிட்டு அது திரும்பிப் போய்விட்டது.

"ஊருக்கெல்லாம் பொருத்தம் பாக்கறதுக்கே பொருத்தம் இல்லியா?" என்றார் ராஜாமணி.

"ஒண்ணுமில்லக்கா. ஜாதகம் வந்து டாஸப் பாத்து, 'உனக்கு வயசு எத்தினி'ன்னு கேக்குது. இது அஞ்சுன்னு உண்மையச் சொல்லுது. 'எனக்கு மூணுதான் ஒத்து வரும்'னு அது கெளம்பிடுது. செட்வர்னு ஒண்ணு கீது. ஒரே வரி. ஜாதகம் வந்து கேட்டா மட்டும் மூணுன்னு சொல்லிடும்."

"பொய் சொல்ல வெக்கிறியா?"

"பொய் இல்லக்கா. சர்டிபிகேட் வயசு. ஸ்கூல்ல சேக்கும்போது தலைக்கு மேல கைய சுத்தி காதத் தொடச் சொல்லி, வாத்தியார் ஒரு தேதி போடலியா? நீ பொறந்தது கார்த்திகை தீபத்தன்னிக்கு. உன் சர்டிபிகேட்ல ஜூன் மாசம் கீது."

"அது வாத்தியாரு போட்டது. நான் போடல." கட்டைவிரல் பலமாகத் தட்டியது. "என் வூட்டுப் பெரியவரு வயசக் கொறைச்சிச் சொல்ல மாட்டாரு."

அதற்கு அவர் கண்டுபிடித்த வழி நேர்மையானது, உயிரை வாங்குவது. வகுப்பு நடக்கும்போது புது டாஸ் ஓடும். ஜாதகத்துக்கு ஆள் வந்தால் எல்லோரும் எழுந்துகொள்ள வேண்டும். மெஷினை அணைத்து, பழைய டாஸ் இருக்கும் ஃபிளாப்பியைச் செருகி, பெரியவர் முதலிலிருந்து எண்ணி எழுந்து, மூன்று புள்ளி மூன்றாக ஜாதகம் அடித்துக் கொடுத்து, மறுபடி அணைத்து, ஐந்தாக எழ வேண்டும். ஜாதகக் கூட்டம் அதிகமான நாட்களில் மாணவிகள் கற்றுக்கொண்டதெல்லாம் மௌனமாக நிற்பது ஒன்றைத்தான். "காலைல அஞ்சு வயசு, மத்தியானம் மூணு வயசு, சாயங்காலம் அஞ்சு வயசு. பாவம் டீச்சர் பெரியவரு" என்றாள் கங்கா.

ஆயுத பூஜை வந்தது. ராஜாமணி முறை தெரிந்தவர். பெரியவரைத் துடைத்து மாலை போட்டார். சுவரில் இருக்கும் சரஸ்வதி படத்துக்குக் கீழே தட்டச்சுப் புத்தகங்களையும் ஃபிளாப்பிகளையும் அடுக்கினார். ஃபிளாப்பிகளைக் காகித உறையிலிருந்து எடுத்துத்தான் வைத்தார். உறையோடு வைப்பது செருப்போடு கோயிலுக்குள் போவது போல என்று அவருக்குப் பட்டது. பிறகு ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம். ஃபிளாப்பியின் கறுப்பு அட்டையில் ஒரு நீள்வட்டத் திறப்பு உண்டு. பார்க்க நெற்றி மாதிரி இருக்கும். பொட்டு அங்கேதான் பொருந்தியது. பழைய டாஸுக்கு வைத்தார். அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று முன்யோசனையாக எடுத்து வைத்திருந்த நகலுக்கும், ஓரவஞ்சனை இல்லாமல், வைத்தார்.

அன்று முழுவதும் எதையும் தொடக்கூடாது என்பதால் சந்தனம் நன்றாகக் காய்ந்தது.

விஜயதசமி காலை புதிதாகச் சேர வந்த பிள்ளைகள் வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். பொரி கடலைக்காகப் புருஷோத்தமனும் வந்திருந்தார். படியில் தடதடவென்று சத்தம். தாண்டவராயன், வெள்ளை வேட்டியும் முகமெல்லாம் சிரிப்புமாக.

"டீச்சரம்மா! இருவது நிமிசமெல்லாம் வேணாம். உள்ளது உள்ளபடி அடி!"

படப்பையில் மாப்பிள்ளை கிடைத்திருந்தார். சின்ன வயதிலேயே தாயை இழந்த பையன். "மாமியாரே இல்லாத வூடும்மா! ஆயில்யம் யாரப் போய்ப் புடிக்கும்?" ஆனால் பையனின் பெரியப்பா பத்து இடம் பார்த்தவர். பஸ் ஸ்டாண்டு கடையில் கேட்ட நட்சத்திரத்தை அடித்துக் கொடுக்கிறார்கள், ராஜாமணி டீச்சர் மெஷினில் அடித்த காகிதம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். மத்தியான பஸ்ஸில் வருகிறார். "பேப்பர் இல்லன்னா எதையோ மறைக்கிறேன்னு நெனைச்சி அதே பஸ்ல திரும்பிடுவாரும்மா. மூணு எடம் ஏற்கெனவே பூட்ச்சி. இதுவும் போச்சின்னா பொண்ணு மொகத்துல முழிக்க முடியாது."

ராஜாமணி பழைய டாஸை எடுத்துச் செருகினார். கர்ர் என்றது. மறுபடி கர்ர். உள்ளேயிருந்து சந்தன வாசனை வந்தது. வெளியே எடுத்துப் பார்த்தால், பொட்டு வட்டமாகத் தேய்ந்து சுற்றிலும் கோடு போட்டிருந்தது. நகலைச் செருகினார். அதுவும் அதே வாசனை.

"டீச்சர்," என்றாள் கங்கா மெதுவாக, "அந்த ஓட்டை வழியாத்தான் மெஷின் படிக்கும், அதுல வெரல் வெக்கக் கூடாதுன்னு நீங்கதான் செவுத்துல எழுதி வெச்சிருக்கீங்க."

"வெரலா வெச்சேன்? மோதிர வெரலாலதானேடி வெச்சேன்?" என்று சொல்லிவிட்டு ராஜாமணி சுவரைப் பார்த்தார். கொட்டை எழுத்தில், அவர் கையாலேயே எழுதியிருந்தது.

"தம்பி, காலேஜ்ல பழசு ஒண்ணு கெடைக்குமா?"

"எல்லாத்தையும் அழிச்சிப் புதுசு போட்டுட்டோம்க்கா." புருஷோத்தமன் கடலையை மென்று முடித்தார். "ஒரே வரிக்கா."

ராஜாமணி உட்கார்ந்தார். மடியில் விரல்கள் ஒன்றையும் அடிக்கவில்லை. "உண்மைய அடிக்கறதுக்கு ஒரு பொய் சொல்லணுமா?"

விஷயம் என்னவென்று தாண்டவராயன் கேட்டார். புருஷோத்தமன் சொன்னார். தாண்டவராயனுக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"எம் பொண்ணுக்கு இருவது நிமிசம் கேட்டதுக்கு என்னத் தொரத்தினியே! இப்ப பெரியவருக்கு வயசக் கொறைக்கணுமா? கொறைம்மா, நல்லாக் கொறை. அவுரு இன்னா கல்யாணமா பண்ணிக்கப் போறாரு?"

புதிதாகச் சேர வந்த பிள்ளைகள்கூடச் சிரித்தார்கள். ராஜாமணி சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தாண்டவராயனைப் பார்த்தார், சிரிப்பு அடங்கிப்போய் அவர் கைகள் துண்டைப் பிசைந்துகொண்டிருந்தன.

ராஜாமணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, புருஷோத்தமன் சொன்ன வரியை ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். தட்டச்சில் ஹையர் பாஸ் செய்தவர் ஒற்றை விரலால் அடித்ததை அந்த அறை அன்றுதான் பார்த்தது. கடைசிப் பொத்தானுக்குமேல் விரல் நின்றது. தலையைத் தூக்கினார். நேர் எதிரே, நேற்றைய மாலையோடு சரஸ்வதி.

எழுந்தார். பெரியவருக்குத் தூசி படாமலிருக்கப் பழைய புடவையில் தைத்த உறை ஒன்று உண்டு. அதை எடுத்து உதறி, படத்தின்மேல் போர்த்தினார். பிறகு வந்து பொத்தானைத் தட்டினார்.

திரை நிறைய ஏதோ எச்சரிக்கை வந்தது. "'இதனால இன்னா ஆனாலும் நாங்க பொறுப்பில்ல'ன்னு போட்டிருக்கான்" என்றார் புருஷோத்தமன்.

"எங்க தரகரும் அதத்தான் சொல்வாரு" என்றார் தாண்டவராயன்.

மெஷினை அணைத்துப் போட்டார்கள். எண்கள் ஏறின. தாண்டவராயன் உட்பட யாரும் மூச்சுவிடவில்லை. ஜாதகத்தைக் கூப்பிட்டதும், அது வந்து வயதைக் கேட்டிருக்க வேண்டும். பெரியவர் கூசாமல் மூன்று என்று சொல்லியிருக்க வேண்டும். திரையில் விநாயகர் தோன்றினார். தேதி, நேரம், ஊர். பிரிண்டர் கீச்சிட்டது. ராஜாமணி காகிதத்தைக் கிழித்து, ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துச் சரிபார்த்தார். ஆயில்யம், நாலாம் பாதம். ஒரு நிமிஷம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

காகிதத்தைத் தாண்டவராயனிடம் கொடுத்துவிட்டு, படத்தின்மேலிருந்த உறையை எடுக்கப் போனார்.

"டீச்சரம்மா, அது பையன் வூட்டுக்கு. நமக்கு ஒரு காப்பி அடிச்சிக் குடும்மா."

நீட்டிய கை அப்படியே நின்றது. பெரியவர் இன்னொரு முறை மூன்று என்று சொல்லியாக வேண்டும். உறையின் ஓரத்தில் வீணையின் நுனி சற்றே வெளியே தெரிந்தது. ராஜாமணி துணியைக் கீழே இழுத்து, அதையும் மூடிவிட்டு, வந்து உட்கார்ந்தார்.