எட்டாவது இலை

சனிக்கிழமை மதியம் பன்னிரண்டே கால். பள்ளியைப் பூட்டிவிட்டுத் தோட்டத்து வாசலுக்கு வந்தேன். என் பையில் இரண்டு வேட்டி, ஒரு சட்டை, சீப்பு இவ்வளவுதான். தின்பதற்கு ஒரு கடலை மிட்டாய்கூடக் கிடையாது. மலாயாவில் கெமஞ்சே பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டம் அவசரகாலச் சட்டப்படி 'கறுப்பு வட்டாரம்'. காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரனோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேர்ந்துவிடும் என்று வேலிக்கு வெளியே ஒரு பருக்கை சோறு கொண்டுபோகவும் தடை. வாசலில் பெண்களின் கொண்டையைக்கூடப் பிரித்துப் பார்க்கிறார்கள்.

இது உல்லாசப் பயணம் அல்ல. நான் ஓடிப் போய்க்கொண்டிருந்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பத்து நாளைக்கு முன் அதே வாசலில் அஞ்சலை என்ற, ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி பிடிபட்டாள். மடியில் ஒரு பிடி சோறு, ஒரு துண்டு கருவாடு. அவள் புருஷன் முனியன் செத்து அன்றோடு ஒரு வருஷம். அவனைப் புதைத்த இடம் வேலிக்கு அந்தப் பக்கம். திதி என்றைக்கு என்று பஞ்சாங்கம் பார்த்துச் சொன்னவன் நான். "வாத்தியாரே, நீங்க சொல்லுங்க! நீங்கதானே நாள் பாத்துக் குடுத்தீங்க!" என்று அவள் கத்தினாள். நான் குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டேன். வரும் திங்கட்கிழமை தம்பின் நகரக் கோர்ட்டில் வழக்கு. தொழிலாளர் சங்கத்துச் செயலாளர் வந்து, சாட்சி சொல்ல நான் ஒருவன்தான் இருக்கிறேன் என்றார். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். சாட்சி சொல்லப்போனவனையே காட்டுக்காரர்களுக்கு வேண்டியவன் என்று உள்ளே தள்ளிய கதைகள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. மலாக்காவுக்குப் பக்கத்தில் செமாபோக்கில் ஒரு பள்ளியில் ஆசிரியர் இடம் காலி என்று கேள்விப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்ப் பேசி, அப்படியே தங்கிவிடுவது என் திட்டம்.

ஒன்றரை மணிக்குத் தம்பினில் பேருந்து மாறினேன். மலாக்காவுக்கு இருபத்துநான்கு மைல், கட்டணம் ஒரு வெள்ளி இருபது காசு. ஓட்டுநருக்குப் பின்னால் இடம் கிடைத்தது. அவர் தமிழர், வாய் ஓயாதவர்.

"உங்க பக்கம் ரோட்ட பாத்தீங்களா சார்? முன்னயெல்லாம் ரெண்டு பக்கமும் மரம் கூர போட்ட மாதிரி நிக்கும். ஒளிஞ்சிருந்து சுடுவானுங்கன்னு மொட்டையடிச்சிட்டாங்க. அனலா அடிக்குது. மழ பேஞ்சா மண்ணு பூரா ரோட்டுக்கு வந்துருதுலா."

உண்மைதான். வெட்டியது போதாதென்று சில இடங்களில் மருந்தும் தெளித்திருந்தார்கள். எங்கள் தோட்டத்து ஓடை இப்போது டீ நிறத்தில் ஓடுகிறது, மீன் கிடையாது. சண்டை ஒருநாள் முடியும், சுதந்திரக் கொடியும் ஏறும். அந்த மரங்களை யார் திருப்பி வைப்பது? இதை ஓட்டுநரிடம் சொல்ல நினைத்தேன். பின்வரிசையில் காக்கிச் சட்டை ஒன்று தெரிந்ததால் சொல்லவில்லை.

பூலாவ் செபாங் வந்ததும் மலாக்கா மாநிலம், சோற்றுத் தடை இல்லாத 'வெள்ளை வட்டாரம்'. அலோர் காஜாவில் வண்டி நின்றபோது ஒருத்தி சன்னல் வழியாக நாசி லெமாக் பொட்டலம் நீட்டினாள். வழியோரத்தில் சோறு விற்கிறார்கள்! வாங்கலாமா என்று சுற்றும் முற்றும் பார்ப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

மூன்றே முக்கால். மலாக்கா பேருந்து நிலையத்திலிருந்து காஜா பேராங்குக்கு ஒன்றரை மைல் இருக்கும். மூன்று சக்கர பெச்சா மிதிப்பவர் ஐம்பது காசு கேட்டார், கொடுத்தேன். நண்பர் அருணாசலம் அங்கே கம்போங் செட்டி என்ற செட்டிகள் கிராமத்தில் இருக்கிறார். அரசாங்க ஆபீசில் எழுத்தர். தம்பினில் இரண்டு வருஷம் வேலை பார்த்தபோது என்னோடு சதுரங்கம் ஆடித் தோற்றவர். செட்டிகள் பல தலைமுறைக்கு முன் தமிழகத்திலிருந்து வந்த வணிகர்களின் வழி வந்தவர்கள். நெற்றியில் திருநீறு, வீட்டுக்கு வீடு சாமி, நாலு எட்டு வைத்தால் ஒரு கோயில். பேச்சு மட்டும் மலாய். அருணாசலத்தின் தமிழ் 'வணக்கம்', 'சாமி', 'அப்பா' என்பதோடு தீர்ந்துவிடும். அவர்கள் பேசியதை இங்கே தமிழில் தருகிறேன்.

வாசலில் அவர் மனைவி மீனாட்சி நின்றிருந்தார். தலைக்குக் குளித்து, மலாய்ப் பெண்களைப்போல பாஜு சட்டையும் கைலியும் உடுத்தியிருந்தார்.

"மாரி மாசோக், சிக்கு," உள்ளே வாங்க வாத்தியாரே, என்று வரவேற்றவர் உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பின்பக்கமா வாங்க. முன் கூடத்துக்கு இப்பப் போகவேண்டாம். அவங்க சாப்பிட்டு முடிக்கட்டும். நாம பாக்கக் கூடாது. இவர் கோயில் வரைக்கும் போயிருக்கார், வந்துருவார்."

விருந்தாளிகள் போலும் என்று நினைத்தேன். அடுக்களையில் என்னை உட்கார வைத்துவிட்டு அவர் கிணற்றடிக்குப் போனார். வீட்டில் ஒரு பேச்சுச் சத்தம் இல்லை. சாப்பிடுகிறவர்கள் இவ்வளவு அமைதியாகவா சாப்பிடுவார்கள்? திரை விலகியிருந்த இடத்தில் கூடம் தெரிந்தது.

ஏழு வாழையிலை. ஒவ்வொன்றிலும் சோறு குவித்து, கோழிக்கறி, சம்பால், பலகாரம். பக்கத்தில் டுரியான், மங்குஸ்தான், ரம்புத்தான். கோப்பைகளில் காப்பி. ஓர் இலையோரம் ஒரு கட்டுச் சுருட்டு. கூடத்தில் ஒரு ஆள் இல்லை. கதவு அகலத் திறந்து கிடந்தது. வெளியே வயல், வயலுக்கு அப்பால் மரங்கள்.

ஒரு பிடி சோற்றுக்கு அஞ்சலை சிறையில் இருக்கிறாள். இங்கே ஏழு பேருக்குப் பந்தி போட்டு, கதவைத் திறந்துவைத்து, பார்க்கக் கூடாது என்கிறார்கள். அப்படியென்றால் வரப்போவது யார்? சுருட்டு யாருக்கு? ஒன்பது வருஷமாக எங்கள் தலையில் ஓதி ஓதி ஏற்றியது ஒன்றே ஒன்றுதான்: ஆளில்லாத இடத்தில் சோறு இருந்தால் அது காட்டுக்காரனுக்கு. பையை எடுத்துக்கொண்டு பக்கவாட்டுச் சந்தில் இறங்கினேன். ஓடினால் சந்தேகம் வரும் என்று நடந்தேன். கால்கள் கேட்கவில்லை, ஓடின.

பெரிய சாலையில் சைக்கிளில் வந்த மலாய்க் கான்ஸ்டபிள் ஒருவர் காலை ஊன்றி நின்றார். "எங்கே ஓடுற? அடையாளக் கார்டு?"

எடுத்து நீட்டினேன்.

"கெமஞ்சே ஆளா? ஏன் இப்படி நடுங்குற?"

அப்போது நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. அவர் கேட்காமலே சொன்னேன். "துவான், எனக்கு ஒண்ணும் தெரியாது. அந்த வீட்டில ஏழு இலையில சோறு வச்சிருக்காங்க. ஆளே இல்ல. நான் வெளியூர்க்காரன்." வீட்டையும் கையால் காட்டினேன்.

அவர் நான் காட்டிய வீட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சைக்கிள் மணி குலுங்கச் சிரித்தார்.

"அது பார்ச்சு, சிக்கு! பழம் பழுக்குற காலத்துல அவங்க செத்துப்போன தாத்தா பாட்டிய விருந்துக்குக் கூப்பிடுவாங்க. பெரியவங்க நிம்மதியா சாப்பிடட்டும்னு வீட்டு ஆளுங்க வெளிய வந்துருவாங்க. எங்க வீட்டுக்குக்கூட வருஷா வருஷம் பழம் வரும். போ, போய்ச் சாப்பிடு."

அவர் போனபின் மதகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். அஞ்சலைக்காக ஒரு வார்த்தை சொல்ல எழாத நாக்கு, சோறு போடக் காத்திருந்த நண்பனைக் காட்டிக்கொடுக்க எவ்வளவு சுறுசுறுப்பாக எழுந்தது! செத்தவனுக்குச் சோறு. அதே சோறு. தோட்டத்து வாசலில் அதை நான் மட்டும் தெரிந்துவைத்திருந்தேன். இங்கே எனக்கே அது தெரியவில்லை.

ஐந்தரை மணிக்குத் திரும்பிப் போனபோது அருணாசலம் வாசலில் தேடிக்கொண்டிருந்தார். மறைக்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன், அஞ்சலை கதை உள்பட. சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அந்தப் போலீஸ்காரன் வேற ஊர் ஆளா இருந்திருந்தா, சிக்கு?"

மீனாட்சிதான் உள்ளே போய் ஓர் இலையை நறுக்கி எடுத்துவந்தார். "அந்த அம்மா புருஷன் பேரு என்ன?"

"முனியன்."

"அவர் இன்னும் சாப்பிடலதானே?"

எட்டாவது இலை போட்டார்கள். மீனாட்சி சோறும் கருவாடும் வைத்தார், சாம்பிராணி போட்டார், முனியன் பேரைச் சொல்லி மலாயில் அழைத்தார். மலாய் அவனுக்குப் புரியும், நன்றாகவே பேசுவான். நாங்கள் வெளியே வந்து நின்றோம். நான் அழுதேன்.

ஞாயிறு காலை செமாபோக்குக்குப் போகவில்லை. மீனாட்சி முனியனின் இலைச் சோற்றைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார். "அந்த அம்மாகிட்ட குடுங்க." வெள்ளை வட்டாரத்துப் பெண்ணுக்கு வேறென்ன தெரியும்? மறுக்க மனம் வராமல் பையில் வைத்துக்கொண்டேன். இருபத்துநான்கு மைலும் அது மடியில் நெருப்பாக இருந்தது. பூலாவ் செபாங்கில் வண்டி நின்றது. முன்னால் சோதனைச் சாவடி. இறங்கி, ஓரமாக நின்று பொட்டலத்தைப் பிரித்து, அந்தச் சோற்றை நானே தின்றேன். கருவாட்டு முள் தொண்டையில் குத்தியது. இலையைச் சுருட்டி எறிந்துவிட்டு வரிசைக்குப் போனேன். பையைக் கொட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை என்று விட்டார்கள்.

இன்னும் சில வாரங்களில் சுதந்திரமாம். கொடி ஏறும்போது அந்தச் சாவடிக்கு இந்தப் பக்கத்துச் சோறும் அந்தப் பக்கத்துச் சோறும் ஒன்றாகுமா, தெரியவில்லை. ஊர் திரும்பிய பயணிகள் இரண்டு ஊரை ஒப்பிட்டு எழுதுவார்கள். எனக்கு ஒப்பிட இருப்பது இந்த ஒரு பொட்டலம்தான்.

திங்கட்கிழமை காலை பத்து மணி, தம்பின் கோர்ட். அஞ்சலை என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்து நின்றாள். என் பெயரைக் கூப்பிட்டபோது எழுந்து கூண்டில் ஏறினேன். அந்தச் சோறு யாருக்காகக் கொண்டுபோனது என்று கேட்டார்கள்.

"முனியனுக்கு. நாள் பார்த்துக் கொடுத்தது நான்," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. உரக்கச் சொல்லும்படி சொன்னார்கள்.

மறுபடியும் சொன்னேன். அஞ்சலை திரும்பிப் பார்த்தாள்.