குறுக்குக்கோடு இல்லாத காலணா

பாத்திரக் கடையில் எவர்சில்வர் குடங்களுக்குப் பெயர் வெட்டுவதுதான் என் மாமாவுக்கு வேலை. அம்மாவின் தம்பி. பகலெல்லாம் ஊரார் பெயரைப் பிழையில்லாமல் வெட்டிவிட்டு, செல்லூர் வீட்டுக்கு வந்ததும் பிழையான எழுத்துள்ள பழைய கும்பினிக் காசுகளைத் தேட உட்கார்ந்துவிடுவார். அந்தக் காலத்து வெள்ளைக்காரனுக்கு அச்சு வெட்டியவன் எங்கே கை தவறினான் என்று பார்ப்பதில் அவருக்கு அப்படியொரு ஆனந்தம். பிழையில்லாத காசு கிடைத்தால் முகம் தொங்கிவிடும். இவருக்கு எப்படிப் பெண் கொடுப்பார்கள் என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

அவரிடம் ஒரு செப்புக் காலணா இருந்தது. அதில் 'இந்தியா' என்ற ஆங்கிலப் பெயரின் கடைசி 'ஏ'க்கு நடுவில் குறுக்குக்கோடு கிடையாது. அச்சிலேயே விட்டுப்போன கோடு என்று மாமா சத்தியம் செய்தார். திருச்சியில் காசு சேகரிப்பவர்களின் சங்கம் ஒன்று இருந்தது. அவர்கள் போடும் புத்தகத்தில் அந்தக் காசு ஏறினால், கண்டுபிடித்தவர் என்று மாமாவின் பெயரும் ஏறும். ஆனால் சங்கத்துச் செயலாளர் கறாரான ஆள். உளி பிடிக்கிற கை கோட்டைச் சுரண்டியிருக்காது என்று எப்படி நம்புவது, இதே பிழையோடு இன்னொரு காசு காட்டுங்கள், சித்திரைத் திருவிழாவுக்கு வரும்போது பார்க்கிறேன் என்று எழுதிவிட்டார்.

மாமா பழைய செம்புக் கடைகள், கொட்டாம்பட்டிச் சந்தை என்று நாயாய் அலைந்தார். சாதாரணக் காலணாக்கள் டப்பா நிறையச் சேர்ந்தன. அந்த ஒன்று மட்டும் அகப்படவில்லை. எனக்குப் பதினோரு வயது. மாமா என்றால் உயிர். செயலாளர் வரவிருந்த அன்று, மாமா குளிக்கப் போன நேரம் பார்த்து, ஒரு சாதாரணக் காலணாவை எடுத்து அவருடைய சின்ன உளியால் அந்தக் கோட்டைச் சுரண்டினேன். உளி வழுக்கிக் கட்டைவிரலைப் பதம் பார்த்தது. சுரண்டிய இடம் பளிச்சென்று சிவந்து தெரியவே, விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து அப்பி, காசை டப்பாவின் அடியில் போட்டுவிட்டேன்.

செயலாளர் வந்து உட்கார்ந்து, "இன்னொரு காசு கிடைச்சுதா தம்பி?" என்றார். மாமா தலை குனிந்தார்.

"மாமா, டப்பாவுக்கு அடியில ஒண்ணு கெடக்கே!" என்றேன்.

மாமா டப்பாவைக் கவிழ்த்தார். கோடில்லாத காசைக் கண்டதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! சரியாகக்கூடப் பார்க்காமல், "பாருங்க சார், நான் சொன்னேன்ல!" என்று நீட்டினார்.

செயலாளர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துக் காசைத் துடைத்தார். துணியில் கரி ஒட்டியது.

"இதைச் சுரண்டினது யாரு?"

மாமா காசைப் பார்த்தார். துணி சுற்றிய என் கட்டைவிரலைப் பார்த்தார்.

"நான்தான் சார்" என்றார் மாமா.

"அப்போ முதல் காசும்?"

மாமா கவிழ்ந்து கிடந்த காசுகளைப் பொறுக்கி டப்பாவில் போட ஆரம்பித்தார். செயலாளர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடி விழப்போகிறது என்று சுவரோடு ஒட்டி நின்றேன். மாமா என் விரலில் இருந்த துணியை அவிழ்த்தார். "எம்புட்டு ஆழமா எறங்கியிருக்கு! சொல்ல மாட்டியா கழுதை?" என்று மஞ்சள் வைத்துக் கட்டினார்.

"அம்மாகிட்ட சொல்லிருவீகளா மாமா?"

"சொல்லல, போ."

அப்பாடா, பிழைத்தோம் என்றிருந்தது. செயலாளருக்கென்று வாங்கி வைத்திருந்த பூந்தியைப் பிரித்து மாமாவுக்கும் நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினார். பசியில்லை போலும் என்று நினைத்துக்கொண்டு, முழுவதையும் நானே தின்று தீர்த்தேன்.