தங்கையின் சுவரில் நான் பூசிய சீமெந்து

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொழும்புக்குப் பக்கத்தில் ஹெந்தளையில் நடந்தது இது. நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சீமெந்து விலை கண்டபடி ஏறியிருந்த நேரம். அப்பா விட்டுப்போன ஆறு பேர்ச் அளவுள்ள சின்னக் காணியில் என் தங்கை வீடு கட்டிக்கொண்டிருந்தாள். கட்டடங்களுக்குப் படம் வரைவது அவள் தொழில். செம்மண்ணைச் சலித்து, கொஞ்சமே கொஞ்சம் சீமெந்து கலந்து, கை மெஷினில் அழுத்திக் கல் செய்வித்தாள். சூளை இல்லை, விறகு இல்லை. பூசாமலே சுவர்கள் அழகாக நின்றன. வெள்ளவத்தையில் என் ஃப்ளாட்டில் கிடைக்காத குளிர்ச்சி அங்கே இருந்தது.

அந்த வீடுதான் அவளுக்குச் சீதனம். பொருத்தமெல்லாம் சரிவந்து, மாப்பிள்ளை பகுதியார் வீடு பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேரே போய்க் கையிலிருந்த கார்த் திறப்பின் முனையால் சுவரைச் சுரண்டினார். கொஞ்சம் தூள் கொட்டியது.

"இது மண் வீடெல்லோ? மழைக்குக் கரைஞ்சு போகாதே?"

இப்படிக் கேட்பார்கள் என்று தெரிந்து, தங்கை முதல்நாளே ஒரு கல்லை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டிருந்தாள். தூக்கிக் காட்டினாள். ஒரு மூலைகூட உடையவில்லை. அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. அதே மனிதர் தேநீர் குடிக்கும்போது போனை நீட்டி, சீகிரியாவில் குடும்பத்தோடு தங்கிய மண் கொட்டேஜின் படங்களைக் காட்டுகிறார்!

"சோக்கான இடம் பிள்ளை. ஏசியே தேவைப்படேல்ல."

ஹோட்டல்காரன் கட்டினால் சோக்கு, எங்கள் பிள்ளை கட்டினால் கேவலமா? நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று வாய்வரை வந்தது. ஆனால் நான் சொன்னது என்ன தெரியுமா?

"இன்னும் பூசி முடியேல்ல அங்கிள். சீமெந்து பூசினா ஒண்டும் தெரியாது."

தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அதோடு விட்டேனா? அடுத்த வாரம் அவள் வேலைக்குப் போன நேரம் ஒரு மேசனைப் பிடித்து முன்சுவரைப் பூசுவித்தேன். மண் கல்லில் சீமெந்து பிடிக்காது என்று அவரே சிங்களத்தில் சொன்னார். நான் கேட்கவில்லை. மாலையில் வந்தவள் ஈரச் சுவருக்கு முன் அப்படியே நின்றுவிட்டாள்.

"அந்தாள் ஒரு கீறல்தான் போட்டவர் அக்கா. நீங்கள் முழுச் சுவரையும் மூடிப்போட்டீங்கள்."

அன்றே மாப்பிள்ளைக்குப் போன் எடுத்து, இந்த மண் வீடு உங்களுக்குச் சம்மதமா என்று நேரடியாகக் கேட்டாள். மாமாவோடு கதைத்துவிட்டுச் சொல்கிறேன் என்றாராம். அப்படியானால் வேண்டாம் என்று வைத்துவிட்டாள்.

இப்போது அவள் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். எத்தனையோ மழை பார்த்தும் மண் சுவர்கள் அசையாமல் நிற்கின்றன. நான் பூசிய சீமெந்துதான் பாளம் பாளமாகக் கழன்று விழுகிறது. சுரண்டி எடுத்துவிடுவோம் என்றால் விடமாட்டேன் என்கிறாள்.

"கிடக்கட்டும் அக்கா."

அந்த மாமாவின் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அந்த வாசலில் ஏறும்போதெல்லாம், அவர் கேட்ட கேள்விக்கு என் தங்கை வெட்கப்படவில்லை, நான்தான் வெட்கப்பட்டேன் என்பது உறைக்கிறது.