தண்ணீர் ஊற்றிப் பார்க்காத சாக்கடை

டெல்லி முனிர்காவில் எங்கள் சந்தின் புதுச் சாக்கடையை, தண்ணீர் ஓட வேண்டிய வாட்டத்தைத் தலைகீழாக மாற்றிக் கட்டிவிட்டார்கள். வெளியூர் ஒப்பந்தக்காரரின் வேலை.

உள்ளூர் மேஸ்திரி ராம்பால் என்றால், மூடும் முன் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறதென்று பார்ப்பார். அவரை யாரும் கூப்பிடவில்லை.

இன்று காலை ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளரிடம் வாட்டம் தப்பென்று சொன்னேன். என் இந்தியைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார்.

“எனக்கு மதுரைப் பக்கம், பெரியவரே. நம்ம ஊர்க்காரர் நீங்களே குறை சொன்னா எப்படி?”

“முப்பது வருஷமா எனக்கு முனிர்காதான் ஊர், தம்பி. தண்ணிய ஊத்து.”

“லெவல் எல்லாம் மெஷின்ல பாத்தாச்சு.”

நானே ஊற்றினேன். தண்ணீர் பெரிய சாக்கடைக்குப் போகாமல் திரும்பி வந்து, கீழ்த்தள அறையில் குடியிருக்கும் செல்வியின் வாசலில் தேங்கியது. வீட்டு வேலைக்குக் கிளம்பியவள் அதைப் பார்த்தாள். உள்ளே திரும்பி, கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்தாள்.

மழைக்கு முன் ஒப்பந்தக்காரர் இதை உடைத்துத் திரும்பக் கட்ட வேண்டும். ராம்பால் பக்கத்தில் நின்று வாட்டம் பார்க்க வேண்டும். மாநகராட்சிப் பொறியாளர் தம் கையால் தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகே வேலை முடிந்ததென்று கையெழுத்திட வேண்டும்.

வாளி நான் தருகிறேன். உங்கள் தெருவுக்கும் வேண்டுமா?